கும்மிடிப்பூண்டியில் யார் வந்தேறி?

சென்னைக்காரங்களுக்குக் கும்மிடிப்பூண்டின்னா என்ன ஞாபகம் வரும்? சென்ட்ரல்ல நிக்கிற புறநகர் ரயில், சிப்காட், இரும்பு உருக்குற ஆலைகள், புகை. அவ்ளோதான். கொஞ்ச வருஷமா இன்னொண்ணும் சேர்ந்திருக்கு. "எங்க பாத்தாலும் வடக்கத்திப் பசங்கப்பா, நம்ம ஊரு மாதிரியே இல்ல"ன்னு ஒரு புலம்பல். அந்த ரயில்ல போறப்பல்லாம் என் காதுல விழுது.

சரி, இது யாரோட ஊருன்னு கொஞ்சம் தோண்டிப் பார்ப்போமா?

முதல்ல வரைபடம். மேற்கே சத்தியவேடு, பூண்டி பக்கம் சின்னச் சின்னக் குன்றுகள். நடுவுல ஏரிகளும் வயல்களுமா சமவெளி. கிழக்கே பழவேற்காடு காயல், அதைத் தாண்டினா வங்கக்கடல். ஆரணி ஆறு காயல்ல கலக்குது, கொசஸ்தலை ஆறு எண்ணூர்ல கடலுக்குப் போகுது. கல், சமவெளி, உப்புத்தண்ணி. இந்த மூணும்தான் ஒவ்வொரு காலத்துலயும் ஒவ்வொரு கூட்டத்தை இங்க இழுத்துட்டு வந்திருக்கு.

மொதல்ல இழுத்தது கல். குன்றுகள்ல இருக்கிற குவார்ட்சைட் கல்லு கோடரி செதுக்க அருமையான சரக்கு. 1863-ல பல்லாவரத்துல ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே வருஷம் வில்லியம் கிங்கோட சேர்ந்து கொசஸ்தலைக் கரையில அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சார். பின்னால சாந்தி பப்பு குழுவினர் அங்க அகழாய்வு செஞ்சு 2011-ல வெளியிட்ட முடிவு: அங்கே கிடைச்ச பழைய கருவிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்! நம்ம மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகுது. அப்படின்னா இந்த ஊரோட முதல் 'லோக்கல்' ஆளு நம்ம இனமே இல்லைங்க :-)

அடுத்தது காயல். டச்சுக்காரங்களுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளோட கிராம்பும் ஜாதிக்காயும். அங்கே வெள்ளியை விட நம்ம கரையோரத்துத் துணிக்குத்தான் மவுசு. அதனால விஜயநகர அரசர் வேங்கடபதிகிட்ட அனுமதி வாங்கி பழவேற்காட்டுல கடை விரிச்சாங்க. 1613-ல கெல்டிரியா கோட்டை எழும்புச்சு. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடமே இதுதான். துணி மட்டும் போகலை. பஞ்சத்துலயும் போர்லயும் சிக்கினவங்களை ஆயிரக்கணக்குல அடிமைகளா வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏத்தினாங்க. வந்தேறிகளைப் பத்திப் பேசறப்போ, இப்படிக் கொண்டுபோகப்பட்டவங்களை நாம பேசறதே இல்ல.

சில சமயம் ஆளு நகரவே வேணாம், கோடு நகர்ந்தா போதும். 1953-ல ஆந்திரா பிரிஞ்ச பிறகு நடந்த எல்லைப் போராட்டம் ம.பொ.சி. பேரோட நமக்குத் தெரியும். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி நம்ம பக்கம் வந்துச்சு, சத்தியவேடு அந்தப் பக்கம் போச்சு. அன்னைக்குக் காலையில எழுந்தவங்க, வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே வேற மாநிலத்துக்காரங்க. பழவேற்காடு காயல்லயும் பெரும்பகுதி ஆந்திராதான். மீனுக்கு அந்தக் கோடு தெரியாது, வலை போடுறவங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியா சமவெளி. கொல்கத்தா போற நெடுஞ்சாலை, ரயில் பாதை, பக்கத்துலயே 2001-ல திறந்த எண்ணூர் துறைமுகம். தொழிற்சாலைக்கு வேற என்ன வேணும்? ஒடிசாவுலயும் பீகார்லயும் இருந்து வர்ற பையன் அதே ரயில் பாதையில வந்து இறங்கறான். உலை பக்கத்துல நின்னு வேலை செய்யறான். கல்லைத் தேடி வந்தவனுக்கும் துணியைத் தேடி வந்தவனுக்கும் நாம வரலாற்றுல இடம் கொடுத்துட்டோம். கூலியைத் தேடி வந்தவன் மட்டும் தொந்தரவா?

இதே கும்மிடிப்பூண்டியில இன்னொரு கூட்டமும் இருக்கு. ஈழத்துல இருந்து போருக்குத் தப்பி வந்தவங்களோட முகாம். இவங்க பேசறது தமிழ், அதனால 'வடக்கத்தி' புகாரும் சொல்ல முடியாது. 2021-ல தமிழக அரசு அகதி முகாம்ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு. நல்ல விஷயம். ஆனா 1987 ஜூலைக்கு அப்புறம் இங்க பிறந்த பிள்ளைக்கு, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமக்களா இல்லைன்னா பிறப்பால குடியுரிமை கிடையாது. 2019 திருத்தச் சட்டத்துலயும் இலங்கைக்கு இடமில்ல. இந்த மண்ணுலயே பிறந்து, இங்கேயே படிச்சு, இங்கேயே வேலைக்குப் போற ஒருத்தர் முப்பது வயசு தாண்டியும் சட்டப்படி வெளியாளா இருக்கலாம்.

15 லட்சம் வருஷமா யார் வந்தாலும் இந்த நிலம் சேர்த்துக்கிட்டுதான் இருந்திருக்கு. ஊர்க்காரன், வந்தேறின்னு கோடு போட்டதெல்லாம் நாமதான். கோட்டை 1960-ல ஒரே நாள்ல நகர்த்த முடிஞ்ச நமக்கு, இந்தப் பிள்ளைகளுக்காக இன்னொரு தடவை நகர்த்த முடியாதா என்ன?

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க மக்களே. திட்டறதா இருந்தாலும் பரவால்ல :-)