குவிமாடம் இல்லாத பள்ளிகள்

 

ஆண்டறிக்கை மலருக்கு உலகப் புகழ்பெற்ற வரலாற்றுச் சின்னங்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தனர். தாஜ்மஹால், குதுப்மினார், கிரனடாவின் அல்ஹம்ரா, இஸ்தான்பூலின் ஆயா சோபியா என வரிசையாக எழுதிச் செல்வது எளிது. அவற்றின் படங்கள் நம் வீட்டு நாட்காட்டிகளில் ஆண்டுதோறும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒரு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மக்தப் மாணவன் ஒருவன், "இதெல்லாம் வெளியூர்லதான் இருக்குதுங்களா ஹஜ்ரத்? நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு அன்று நான் முழுமையான பதில் சொல்லவில்லை. அதை இங்கே எழுத முயல்கிறேன்.

இருக்கின்றன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருக்கின்றன. மதுரையிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருக்கின்றன. நாம் அவற்றைக் கண்டும் காணாதவர்களாகக் கடந்து போவதற்குக் காரணம் ஒன்றே. அவற்றுள் பலவற்றுக்கு நாட்காட்டியில் உள்ளது போன்ற குவிமாடம் இல்லை. விண்ணை முட்டும் மினாராவும் இல்லை. பள்ளிவாசல் என்றால் குவிமாடம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

இந்தப் பதிவு எங்கிருந்து வந்தது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த கி.பி. 622ஆம் ஆண்டில் எழுந்த மஸ்ஜிதுந் நபவிக்குச் சுவர் பச்சைமண் கல்; தூண் பேரீச்ச மரம்; கூரை பேரீச்ச மட்டை. இன்று பச்சைக் குவிமாடம் என்று நாம் போற்றுகின்ற இடத்தில் முதன்முதலாகக் குவிமாடம் எழுந்தது 1279இல், மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில். அதற்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டது 1837இல்தான். ஆறரை நூற்றாண்டுக் காலம் குவிமாடமின்றியே அப்பள்ளி உலக முஸ்லிம்களின் உள்ளத்தை ஆண்டது.

இஸ்லாம் சென்ற இடமெல்லாம் அந்தந்த மண்ணின் கொத்தனையும் தச்சனையும் கொண்டுதான் பள்ளி கட்டியது. சீனத்தின் சியான் நகரப் பெரிய பள்ளி, முற்றம் முற்றமாக, வளைந்த ஓட்டுக்கூரைகளோடு சீன மாளிகையைப் போலவே நிற்கிறது. ஜாவாவின் தெமாக் பள்ளிக்கு அடுக்கடுக்கான மரக்கூரை. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு ஜென்னே நகரின் பள்ளி முழுதும் மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுப்பப்பட்டது. ஊரார் ஆண்டுதோறும் திரண்டு, குழைத்த மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து அதற்குப் பூசுகிறார்கள். அந்த மண் பள்ளியையும் அந்த ஊரையும் யுனெஸ்கோ 1988இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? காலையில் கோவையில் இரயிலேறிப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் பிற்பகலுக்குள் கோழிக்கோடு. அங்கே குற்றிச்சிறைக் குளக்கரையில் மிஷ்கால் பள்ளி இருக்கிறது. எமன் நாட்டுக் கப்பல் வணிகர் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. மரமும் ஓடுமாக அடுக்கு அடுக்காக உயர்ந்திருக்கும் அதை, முன்பின் அறியாதவர் கேரளத்து அரண்மனை என்றே நினைப்பார். 1510இல் போர்ச்சுக்கீசியர் அதற்குத் தீ வைத்தனர். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் படைவீரர்கள் அவர்களை எதிர்த்துப் பொருதனர். பள்ளி பின்னர் செப்பனிடப்பட்டது.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். இங்கே மரத்துக்குப் பதில் கருங்கல். கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழம்பள்ளிகளுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது தூண்களின் வரிசை. அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மீண்டும் சதுரம், அதன்மேல் போதிகை, போதிகையின் முனையில் தலைகீழாகத் தொங்கும் பூமொட்டு, உத்திரத்தின்மேல் பாவிய கல் தளம். கோயில் மண்டபங்களை எழுப்பிய சிற்ப மரபின் கைகளே இவற்றையும் செதுக்கின என்பதைப் பார்த்தவுடன் அறியலாம். கோயில் தூணில் யாளியும் தெய்வ உருவும் இருக்குமிடத்தில் இங்கே கொடியும் பூவும் கோலமும் இருக்கும். உருவம் செதுக்கிப் பழகிய உளி, பள்ளிக்குள் வந்ததும் உருவத்தை விட்டுவிட்டுப் பூவோடு நின்றுகொண்டது. அந்தச் சிற்பியும் நம் முன்னோரும் எப்படிப் பேசி இதை முடிவு செய்திருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பெயரே இதற்குச் சான்று. 'பள்ளி' என்ற சொல் பழந்தமிழகத்தில் சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடத்தைக் குறித்தது. அந்தச் சொல்லையே நம் முன்னோர் தொழுமிடத்துக்கும் எடுத்துக்கொண்டனர்.

கீழக்கரை நடுத்தெரு ஜும்ஆப் பள்ளி, வள்ளல் சீதக்காதி எனப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காயலோ அதனினும் பழைய துறைமுகம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்திறங்கியதையும் குறித்திருக்கிறார்.

சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளி வேறு வகை. 1795இல் மரமோ இரும்போ சேர்க்காமல் சாம்பல்நிறக் கருங்கல்லால் கட்டப்பட்டது. அது எழுந்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதை அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் பாடியவர் நவாபின் அவையில் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (1739–1763). இச்செய்திகளை மேடைகளில் நல்லிணக்கத்துக்காக நாம் அடிக்கடி சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவை நமக்குத் தெரிந்திருப்பது கல்லும் கட்டடமும் நிற்பதால்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

கல்வெட்டு வெறும் அலங்காரமன்று. வக்ஃபின் பத்திரம் அது. மதுரை கோரிப்பாளையத்துக் கல்வெட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாண்டியர் காலத்தில் அப்பள்ளிக்கு விடப்பட்ட நிலங்களைப் பற்றிப் பின்னாளில் வழக்கு எழுந்தது. மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர் 1573இல் அதை விசாரித்து, பழைய கொடை செல்லும் என்று உறுதி செய்தார். அந்தத் தீர்ப்பு கல்லில் நிற்கிறது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் படிக்கிறோம்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் எழுதியாக வேண்டும்.

ஓதி முடித்து ஸனது பெற்ற புதிதில், சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் இமாமாக இருந்தேன். பன்னிரண்டு கல்தூண்கள் கொண்ட சிறிய பள்ளி. கூரை தாழ்வு, கோடையில் உள்ளே சென்றால் கிணற்றடியில் நிற்பதுபோல் குளிரும். கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை. இடித்துவிட்டு மாடியும் குவிமாடமும் வைத்துக் கட்டுவது என்று ஊர் தீர்மானித்தது. மூன்று ஜும்ஆக்களில் நான்தான் பயான் செய்து நன்கொடை திரட்டினேன். மக்கள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் இயந்திரம் வந்து இடித்து முடித்தது. நான்கு தூண்கள் துணி துவைக்கும் கல்லாயின. மற்றவை வாய்க்கால் மேல் பாலமாகக் கிடத்தப்பட்டன.

அதற்குக்கூட மனம் ஆறிவிடும். உள்வாசல் நிலைக்கு மேலே அரபியில் நான்கு வரிக் கல்வெட்டு ஒன்று இருந்தது. அந்த ஊரில் அதைப் பொருளறிந்து படிக்கக் கூடியவன் நான் ஒருவன். நாளைக்கு ஐந்து வேளை அதன் அடியில் குனிந்து நுழைந்தவன். ஒருமுறை படித்தும் இருக்கிறேன். தாளில் எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இடித்த அன்று அது மூன்று துண்டாகி அஸ்திவாரக் குழிக்குள் போயிற்று. கட்டியவர் பெயரின் முற்பகுதியும், ஹிஜ்ரி ஆயிரத்து நூற்று என்பது வரையும் நினைவில் இருக்கிறது. மிச்சம் இல்லை. அந்த ஊரின் முதல் பக்கத்தைக் கிழித்ததில் எனக்கும் பங்குண்டு. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பழமையை இடிப்பது சிற்றூர் வழக்கம் மட்டுமன்று. மக்காவில் கஅபாவுக்கு அருகே உஸ்மானியர் 1780இல் கட்டிய அஜ்யாத் கோட்டையை 2002இல் தகர்த்தார்கள். இன்று அங்கே 601 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரம் எழுந்து நிற்கிறது. ஹாஜிகளுக்குத் தங்குமிடம் தேவைதான். இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு உணவு இறங்கவில்லை.

மறுபுறம், சிங்கப்பூரைப் பாருங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர்கள் 1828–1830இல் அங்கே தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் சாயலில் ஒரு நினைவிடம் கட்டினார்கள். 1974இல் அந்நாட்டரசு அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. பின்னர் பழுதுபட்டபோது இடிக்கவில்லை. சீர்செய்து இந்திய முஸ்லிம் மரபு மையமாகத் திறந்திருக்கிறார்கள்.

இடநெருக்கடி இல்லை என்று நான் சொல்லவில்லை. தொழ வருபவருக்கு நிழல் வேண்டும். பெண்களுக்குத் தனியிடம் வேண்டும். ஆனால் பழைய மண்டபத்தை அப்படியே நிறுத்திவிட்டு அதையொட்டி விரிவாக்கிக் கட்ட முடியும். கல்தூணுக்கு வழவழ ஓடு ஒட்டவும் எனாமல் வண்ணம் பூசவும் ஆகும் செலவை மிச்சப்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

நம் சூலூர்ப் பள்ளிக்கு ஜும்ஆ தோறும் யாரேனும் வெளியூர் ஜமாஅத்தார் ரசீதுப் புத்தகத்தோடு, 'பள்ளி புனர்நிர்மாணம்' என்று வந்து நிற்கிறார்கள். நம் மக்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை; அல்ஹம்துலில்லாஹ். இனிமேல் அவர்களிடம் புதுக் கட்டடத்தின் வரைபடத்தோடு பழைய பள்ளியின் படத்தையும் காட்டச் சொல்லுங்கள் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் கல்தூண் தெரிந்தால், அல்லது நிலைவாசலில் எழுத்துத் தெரிந்தால், எனக்குச் சொல்லியனுப்புங்கள். பேருந்துச் செலவு என்னுடையது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நானே போய் எழுதி வருகிறேன்.