பிராக்கிதெரபி (கருப்பைவாய்ப் புற்றுநோய்)

கதிரியக்கப் பொருளைக் கட்டியை ஒட்டியே வைத்துத் தரும் உட்கதிர் சிகிச்சை. நோய் முற்றியிருந்தால் முதலில் சுமார் 5 வாரம் வெளிக்கதிரும், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும் தருவார்கள். கட்டி சுருங்கியபின் பிராக்கிதெரபி. மயக்க மருந்து கொடுத்துக் கருப்பைக்குள் மெல்லிய உலோகக் குழாயும், யோனியின் மேற்பகுதியில் வேறு இரண்டும் பொருத்துவார்கள். சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் விலக்கி வைக்க இடையில் துணி திணிப்பதுண்டு. ஸ்கேன் பார்த்துக் கதிரளவைக் கணக்கிட்டதும், கம்பி நுனியில் அரிசிமணி அளவே உள்ள இரிடியம்-192ஐ இயந்திரம் உள்ளே செலுத்தும். சில நிமிடங்களில் திரும்ப இழுத்துக்கொள்ளும். உடலில் கதிரியக்கம் தங்காது. வீட்டில் குழந்தையைத் தூக்கத் தயங்க வேண்டியதில்லை. தொலைவு இருமடங்கானால் கதிர்ச்செறிவு ஏறத்தாழ கால்பங்காகும். கட்டிக்கு மிகுதியாகவும் அண்டை உறுப்புகளுக்குக் குறைவாகவும் கிடைப்பது இதனால்தான். நவீன வெளிக்கதிர்க் கருவிகள் பிராக்கிதெரபிக்கு மாற்றாகா. மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தடித்தால் பலன் குறையும்.