மணிக்கணக்கா, சுயமதிப்பீடா? நியூயார்க்கிலும் இங்கிலாந்திலும் சர்வதேச வழக்கறிஞரின் தொடர்கல்வி

2023 அக்டோபர் 6ஆம் தேதி லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மின்ட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ரஷ்ய மத்திய வங்கிக்குச் சொந்தமான நேஷனல் பேங்க் டிரஸ்ட், பிரிட்டனின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஒருவரின் கட்டுப்பாட்டில் ஒரு நிறுவனம் இருந்தால் அதன் சொத்தும் முடங்கும் என்பது அந்நாட்டுச் சட்டம். அப்படியென்றால் இந்த வங்கி அதிபர் புதினின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இருக்கிறது என்றே நீதிபதி ஜூலியன் ஃப்ளாக்ஸ் கருதினார். இந்த வாதத்தை நீட்டினால் ரஷ்யாவில் உள்ள எல்லா நிறுவனங்களும் புதினின் கட்டுப்பாட்டில் இருப்பதாக ஆகிவிடுமே என்று எழுந்த ஆட்சேபத்துக்கும் அவர் அசையவில்லை. வழக்கின் முடிவுக்கு அவசியப்படாத கருத்துதான் அது. ஆனாலும் ரஷ்யத் தொடர்புள்ள கட்சிக்காரர்களை வைத்திருந்த வழக்கறிஞர்களுக்கு அது பெரும் குழப்பத்தைக் கொண்டுவந்தது. நவம்பர் 15ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி ஃபாக்ஸ்டன் லிட்டாஸ்கோ வழக்கில் அதைச் சுருக்கினார்: நாளை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பது போதாது, இன்று நடப்பில் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதே நவம்பரில் அரசும் வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது.

ஆறு வாரத்துக்குள் ஒரே கேள்விக்கான பதில் இருமுறை புரண்டது. செப்டம்பரில் பொருளாதாரத் தடைகள் பற்றி நல்ல கருத்தரங்கு ஒன்றில் முழுநாள் உட்கார்ந்து படித்த வழக்கறிஞர், நவம்பர் கடைசியில் அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லியிருந்தால் கட்சிக்காரரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். எல்லை கடந்து தொழில் செய்யும் வழக்கறிஞரின் படிப்பு இப்படிப்பட்டது. அவருடைய பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் வகுப்பதில்லை. தேர்தல்களும் போர்களும் அதிபர் ஆணைகளும் வகுக்கின்றன.

இவரைப் படிக்கவைக்கும் பொறுப்பை வழக்கறிஞர் சமூகம் எப்படி நிறைவேற்றுகிறது? எல்லை கடந்த வணிக ஒப்பந்தங்கள் பல இரண்டு சட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன: இங்கிலாந்துச் சட்டம், நியூயார்க் சட்டம். தொடர்கல்வி விஷயத்தில் இந்த இரண்டு இடங்களும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன.

நியூயார்க்கின் வழி மணிக்கணக்கு. அமெரிக்காவில் 1975இல் மின்னசோட்டாவில் தொடங்கிய இந்த முறை 1990களின் இறுதியில் நியூயார்க்கில் கட்டாயமானது. அனுபவமுள்ள வழக்கறிஞர் இரண்டு ஆண்டுக்கு 24 மணி படிக்க வேண்டும். அதில் குறைந்தது 4 மணி தொழில்நெறி. 2018 முதல் பன்மைத்துவமும் பாகுபாடு நீக்கமும் பற்றி 1 மணி, 2023 முதல் சைபர் பாதுகாப்பு பற்றி 1 மணி சேர்ந்தன. புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் இரண்டு ஆண்டில் 32 மணி. கணக்கில் ஒரு மணி என்பது 50 நிமிடம். பதிவுசெய்த வகுப்பை இணையத்தில் பார்ப்பவர், நடுவே திரையில் காட்டப்படும் அல்லது பேச்சாளர் வாசிக்கும் குறியீட்டைக் குறித்து வைத்து, உறுதிமொழிப் படிவத்தில் எழுதித் தந்தால்தான் சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழ்களை நான்கு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வகுப்பு நடத்துவோர், பணம் கட்ட முடியாத வழக்கறிஞர்களுக்குச் சலுகை தரும் ஏற்பாடும் செய்தாக வேண்டும். இந்தக் கடைசி விதிக்காகவே நியூயார்க்கை மதிக்கலாம்.

இங்கிலாந்தும் வேல்ஸும் முதலில் இதே வழியில்தான் போயின. 1985இல் தொடங்கிய தொடர்கல்வித் திட்டம் நாளடைவில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு நேரடியாக ஆலோசனை தரும் வழக்கறிஞர்) ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 16 மணி படிக்க வேண்டும் என்று நிலைத்தது. 2016 நவம்பர் 1ஆம் தேதி அந்த 16 மணியை எடுத்துவிட்டார்கள். இப்போது சொலிசிட்டர் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது ஓர் உறுதிமொழி தருகிறார்: என் தொழிலை நானே ஆராய்ந்து பார்த்தேன், எதில் குறை இருக்கிறது என்று கண்டேன், அதைச் சரிசெய்தேன். எத்தனை மணி என்ற கேள்வியே இல்லை. 2017இல் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்களும் ஏறக்குறைய இந்த முறைக்கே மாறினார்கள்.

2016 ஜூன் 23ஆம் தேதிதான் பிரேக்ஸிட் வாக்கெடுப்பு நடந்தது. மணிக்கணக்கை நீக்கும் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டது, இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு தலைமுறையில் ஆங்கிலேய வழக்கறிஞர் புதிதாகப் படித்தே தீரவேண்டிய விஷயங்கள் மிக அதிகமாகக் குவிந்த காலத்தில், எவ்வளவு படித்தாய் என்று கேட்பதை அவர்களுடைய ஒழுங்குமுறை ஆணையம் நிறுத்திக்கொண்டது.

அந்தச் சுமையின் ஒரு மூலையை மட்டும் காட்டுகிறேன். லண்டன் நீதிமன்றத் தீர்ப்பைப் பாரிஸில் நிறைவேற்றுவது ஐரோப்பிய ஒன்றியக் காலத்தில் எளிதான வேலை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி அந்த வழி மூடப்பட்டது. நாடுகள் ஒன்றின் தீர்ப்பை மற்றொன்று நிறைவேற்ற வழிசெய்யும் லுகானோ உடன்படிக்கையில் தனி நாடாகச் சேர பிரிட்டன் 2020 ஏப்ரலிலேயே விண்ணப்பித்திருந்தது. 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் சம்மதிக்க முடியாது என்று தெரிவித்துவிட்டது. தீர்ப்புகளை அங்கீகரிக்கும் 2019ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது 2025 ஜூலை 1ஆம் தேதி. இடையில் நான்கரை ஆண்டு. இரு தரப்பும் ஒரே நீதிமன்றத்தை ஒப்பந்தத்தில் குறித்திருந்தால் 2005ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை கைகொடுத்தது. மற்ற வழக்குகளில் பிரான்சின் உள்நாட்டு விதி என்ன, ஜெர்மனியின் விதி என்ன என்று தனித்தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. 1934இல் பிரான்சுடன் செய்த பழைய இருதரப்பு ஒப்பந்தம் மீண்டும் உயிர்பெறுமா என்று கூட வாதிட்டார்கள். பாட்டனார் காலத்து ஒப்பந்தத்தைத் தூசி தட்டிப் படிப்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திருக்காது. தேவை அறிந்தவர் தேடிப்போய்ப் படித்தார்.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் முறைக்கு ஆதரவாகவே பேசத் தோன்றுகிறது. நியூயார்க்கின் 24 மணியில் சர்வதேசச் சட்டத்துக்கென்று ஒதுக்கியது ஒரு மணிகூட இல்லை. சர்வதேச நடுவர் மன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர் வாடகைச் சட்டம் பற்றிய வகுப்பில் உட்கார்ந்தும் கணக்கை நிரப்பலாம். இன்னொன்றும் உண்டு. உலகெங்கும் உள்ள வெளிநாட்டு மாணவர்கள் விரும்பி எழுதுவது நியூயார்க் பார் தேர்வு. அங்கே பதிவு செய்துவிட்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ மும்பையிலோ பணியாற்றுவோர் பலர். ஆனால் அனுபவமுள்ள வழக்கறிஞர் நியூயார்க்கில் தொழில் செய்யவில்லை என்றால் மணிக்கணக்கிலிருந்து அவருக்கு விலக்கு. எல்லைகளைக் கடந்து ஆலோசனை சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவரைத்தான் அந்தத் திட்டம் வெளியே விடுகிறது. உன் தொழிலுக்கு என்ன தேவையோ அதைப் படி என்று இங்கிலாந்து சொல்வது இவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் தேவையை உணரும் வசதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. லண்டன் நகரத்தின் பெரிய நிறுவனங்களில் கட்சிக்காரரையே பார்க்காமல், புதிய சட்டங்களைப் படித்துச் சக வழக்கறிஞர்களுக்குக் குறிப்பு எழுதித் தருவதையே முழுநேர வேலையாகச் செய்யும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மின்ட்ஸ் தீர்ப்பு போன்ற ஒன்று வந்தால் அங்கே அதன் சுருக்கம் அன்றே எல்லோர் மேசைக்கும் போய்விடும். ஒரு சிறு நகரத்தில் தனியாக அலுவலகம் வைத்து, உக்ரைனியக் குடும்பத்துக்கு விசா விண்ணப்பமும் சிறு ஏற்றுமதியாளருக்கு ஒப்பந்தமும் எழுதிக்கொடுக்கும் சொலிசிட்டருக்கு அந்தக் குறிப்பை யார் தருவார்கள்? தனக்கு எது தெரியாது என்பதே தெரியாதவர், நான் ஆராய்ந்து பார்த்தேன் என்று முழு மனதோடு கையெழுத்திட முடியும். அதில் பொய் ஒன்றுமில்லை, ஆபத்து இருக்கிறது. 2022 ஜூலையில் பிரிட்டனின் சட்டச் சேவைகள் வாரியம், வழக்கறிஞர்களின் தகுதி தொழில் காலம் முழுவதும் நிலைக்கிறதா என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் உறுதிசெய்ய வேண்டும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. உறுதிமொழி மட்டும் போதாது என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

அதோடு, அறியாமைக்கான விலையும் ஏறிவிட்டது. 2022 ஜூன் 15 முதல் பிரிட்டனில் பொருளாதாரத் தடையை மீறியவருக்குச் சிவில் அபராதம் விதிக்க, மீறுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2023 ஜூன் 30ஆம் தேதி ரஷ்யா தொடர்பான சில வகைச் சட்ட ஆலோசனைகளுக்கே தடை வந்தது. அதன் வாசகம் மிக விரிவாக இருந்ததால், தடைகளுக்கு உட்பட்டு நடப்பது எப்படி என்று வெளிநாட்டுக் கட்சிக்காரருக்குச் சொல்வதுகூடக் குற்றமாகிவிடுமோ என்று வழக்கறிஞர்கள் அஞ்சினார்கள். ஆகஸ்டில் பொது உரிமம் வழங்கி அரசு அதைச் சரிசெய்தது. இடைப்பட்ட வாரங்களில் செய்தி எட்டாத தனி வழக்கறிஞரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் சோதனை வேறு விதமாக வந்தது. 2017 ஜனவரி 27ஆம் தேதி, ஏழு நாட்டவர் நுழையத் தடை விதித்து அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். மறுநாள் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தின் நான்காம் முனையத்தில் வழக்கறிஞர்கள் குவிந்தார்கள். தரையில் உட்கார்ந்து, மடியில் மடிக்கணினியை வைத்து, உள்ளே பிடித்து வைக்கப்பட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனு தயாரித்தார்கள். நிறுவன இணைப்பு, வரி, கடன் பத்திரம் என்று பழகியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். குடியேற்ற வழக்கறிஞர்கள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். அன்றிரவே புரூக்ளினில் நீதிபதி ஆன் டானலி அவர்களைத் திருப்பி அனுப்ப இடைக்காலத் தடை பிறப்பித்தார்.

என்னைக் கேட்டால், தொடர் சட்டக்கல்வி அதன் மிகச் சிறந்த வடிவில் நடந்தது அந்தத் தரையில்தான். நியூயார்க் விதிகளில் இலவசச் சட்டப் பணிக்கும் மணி உண்டு: இரண்டு மணி உழைப்புக்கு ஒரு மணி, இரண்டு ஆண்டில் அதிகபட்சம் 10. நீதிமன்றமோ அங்கீகாரம் பெற்ற அமைப்போ ஒப்படைத்த பணியாக மட்டும் அது இருக்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு இங்கிலாந்தின் உறுதிமொழி முறைக்குள் தேவைப்படவில்லை என்பார்கள். தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் நியூயார்க் அதற்கு வெளிப்படையாக மதிப்புப் போட்டிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் இளம் வழக்கறிஞர் தன் சீனியரிடம் போய், இந்த வேலைக்கு மணி கிடைக்கும் என்று சொல்லி அனுமதி கேட்க முடிகிறது.

2025இல் அரசியல் வகுப்பறைக்குள்ளேயே நுழைந்தது. பிப்ரவரி 6ஆம் தேதி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின்மீது அமெரிக்கா தடைகளை விதித்தது. தடை விதிக்கப்பட்ட வழக்குத்தொடுநர் கரீம் கானுக்கு உதவும் அமெரிக்க வழக்கறிஞருக்கே தண்டனை வரலாம் என்ற நிலை. ஜூலையில் மெயின் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், வழக்குத் தொடுத்த இருவர்மீது அந்த ஆணையைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இதற்கு நடுவே, ஏப்ரல் 9ஆம் தேதி நீதித்துறை அமைச்சகம் தன் வழக்கறிஞர்கள் அமெரிக்க பார் அசோசியேஷன் நிகழ்ச்சிகளில் அலுவல் முறையில் பேசக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த அசோசியேஷன் நாடு முழுவதும் தொடர்கல்வி நடத்தும் முக்கியமான அமைப்பு. அரசு எப்படி யோசிக்கிறது என்பதை அரசு வழக்கறிஞர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அங்கே போய்விட்டது. ஊழல் வழக்குகளும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் கையாளும் வழக்கறிஞருக்கு இது பெரிய இழப்பு. 24 மணி அப்படியே இருக்கிறது. அதை நிரப்பும் ஆசிரியர்களில் ஒரு முக்கியமான பகுதியினர் மேடையில் இல்லை.

இரண்டையும் எடைபோட்டால் என் தீர்ப்பு இதுதான். எதைப் படிக்க வேண்டும் என்பதில் இங்கிலாந்து சொல்வது சரி. படித்தாரா என்று பார்ப்பதற்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் நியூயார்க் சொல்வது சரி. ஓராண்டோ ஈராண்டோ முடியும்போது கணக்கு முடிப்பது இரண்டிலும் உள்ள குறை. சர்வதேச வழக்கறிஞருக்கு ஆண்டு ஓர் அளவுகோலே ஆகாது. ஓர் உடன்படிக்கை விழுந்தால், ஒரு தடைப் பட்டியல் வந்தால், அதைப் படித்தாயா, எத்தனை நாளில், யாரிடம் சரிபார்த்தாய் என்று கேட்பதுதான் அவருக்குப் பொருந்தும் கேள்வி. சரிபார்க்கும் அந்த இன்னொருவர் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் சிறு நகரத்துச் சொலிசிட்டர் தனியாக விடப்பட மாட்டார்.

இது நமக்கும் தொலைவான பேச்சு இல்லை. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் ஏ.கே. பாலாஜி வழக்கு எழுப்பியது. 2012இல் இங்கே தீர்ப்பு வந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அவர்கள் இங்கே தொழில் நடத்த முடியாது, எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிப் போகலாம், சர்வதேச ஆர்பிட்ரேஷனுக்கு வருவதை முழுதாகத் தடுக்க முடியாது என்றது. 2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வரம்புடன் கதவைத் திறக்கும் விதிகளை அறிவித்தது. 2025 மேயில் அவற்றைத் திருத்தியது. அந்தக் கதவு வழியே வருகிறவர்களில் பலர் தொடர்கல்விக் கடமை உள்ள நாடுகளிலிருந்து வருவார்கள். இங்கே பதிவு செய்த வழக்கறிஞருக்கோ நாடு முழுவதற்குமான கட்டாயத் தொடர்கல்வி இன்னும் இல்லை. அப்படி ஒன்றை வகுக்கும் நாளில் பார் கவுன்சில் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட வேண்டாம். திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் ஏற்றுமதியாளர்களுக்கு ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞருக்கு, புதிய விதி வந்த அதே வாரத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டணமில்லாமல் ஒரு குறிப்பு போய்ச் சேர முதலில் வழி செய்யட்டும்.