செய்யூரைச் சுற்றியுள்ள வரலாற்றுச் சுவடுகள்

 

விடுமுறை வந்தால் வாகனம் அமர்த்திக்கொண்டு நாகூருக்கும் ஏர்வாடிக்கும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வது நம்மவரின் வழக்கம். ஆனால், நம் செய்யூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவில் உள்ள வரலாற்று இடங்களை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு அருள்மறை நம்மை ஏவுகிறது. அந்தப் படிப்பினை நம் வாசலிலேயே காத்திருக்கிறது. அதைத் தேடி, ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலரும் இளைஞர்களுமாக நாங்கள் மூன்று இடங்களுக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டதையும், அதனால் எங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வியையும் இங்கே பதிவு செய்கிறோம்.

ஆலம்பரைக் கோட்டை

முதலில் சென்றது கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக்கு. இப்பகுதி இடைக்கழிநாடு என வழங்கப்படுகிறது. கழி என்றால் உப்பங்கழி. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். எனவே இந்த மண்ணின் பெயர் பல நூற்றாண்டுகளாக எழுத்தில் வாழ்கிறது எனலாம்.

ஆலம்பரைக் கோட்டை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலி கானின் ஆட்சிக் காலத்தில் (1732-1740) இது அவருடைய ஆளுகையில் இருந்தது. கடலுக்குள் நீண்டிருந்த படகுத்துறையிலிருந்து உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் ஏற்றுமதியாயின. இங்கே ஒரு நாணயச் சாலையும் இயங்கியது. புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பிலும் ஆலம்பரையின் பெயர் இடம்பெற்றுள்ளது.

1740ஆம் ஆண்டு தாமல்செருவு கணவாயில் மராத்தியருடன் நடந்த போரில் தோஸ்து அலி கான் கொல்லப்பட்டார். 1750இல், தமக்குச் செய்த உதவிக்காக முசாபர் ஜங், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் இக்கோட்டையை ஒப்படைத்தார். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஆலம்பரையைக் கைப்பற்றி இடித்தனர். நவாபின் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும் மாறிய கோட்டை, பத்தே ஆண்டுகளில் பயனற்றதாயிற்று. எஞ்சியிருந்ததில் ஒரு பகுதியை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சிதைத்தது. மாநிலத் தொல்லியல் துறை 2011-12இல் இங்கு அகழாய்வு நடத்தியது.

இன்று அங்கே நாம் காண்பது பிளந்து நிற்கும் மதில்களையும், அவற்றைப் பற்றிப் படர்ந்த வேர்களையும், அப்பால் கழிமுகத்தில் வலை வீசும் மீனவரையும்தான். மதிலின் மீது பலர் தம் பெயர்களைக் கீறி வைத்திருந்தது மனத்தை வருத்தியது. எங்களுடன் வந்த சிறுவன் ஒருவன் உடைந்த செங்கல் துண்டொன்றை நினைவுக்காக எடுத்துப் பையில் போட்டான். உடன் வந்த பெரியவர் ஒருவர், “தம்பி, வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொன்று எடுத்தால் உன் பிள்ளை வரும்போது இங்கே மணல்தான் இருக்கும்” என்றார். அவன் அதை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

பக்கிங்காம் கால்வாய்

கடற்கரையை ஒட்டிச் செல்லும் எவரும் பக்கிங்காம் கால்வாயைக் காணாமல் இருக்க இயலாது. ஆந்திரத்திலிருந்து நம் மரக்காணம் பகுதி வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி இது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதற்பகுதி 1806இல் வெட்டப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்ச காலத்தில், கூலிக்கு மண் சுமந்த ஏழைகளின் உழைப்பால் உருவாயிற்று. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

சதுரங்கப்பட்டினம்

அடுத்து வடக்கே பாலாற்றைக் கடந்து, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் சென்றோம். சதுரங்கப்பட்டினத்து மெல்லிய துணிக்கு அந்நாளில் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் இருந்தது. அவ்வணிகத்துக்காக வந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், எழுப்பிய கோட்டை இது. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இவ்வூரில்தான் கூடினர். கர்நாடகத்தின் மீது தமக்குள்ள உரிமைக்குப் பிரெஞ்சுக்காரர் காட்டிய ஆவணங்களை ஆங்கிலேயர் ஏற்க மறுத்ததால் பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் டூப்ளே பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டைக்குள் பண்டகசாலைகளின் சுவர்களும், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கு இறந்த ஒல்லாந்தரின் கல்லறைகளும் உள்ளன. கற்பலகைகளில் பெயரும் ஆண்டும் ஒல்லாந்த மொழியில் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன. பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து கப்பலேறி வந்து, இந்த மணலில் அடங்கியவர்கள் இன்னார் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வருபவரும் அறிய முடிகிறது.

வேடந்தாங்கல்

இறுதியாக மதுராந்தகம் வழியாக வேடந்தாங்கல் ஏரிக்குச் சென்றோம். பறவைகளைக் காணப் பலரும் செல்லும் இடந்தான். ஆயினும், அந்த ஏரி காப்பாற்றப்பட்ட வரலாறு பலருக்குத் தெரியாது.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். பின்னர் லயோனல் பிளேஸ் என்பவர் இங்கே கலெக்டராக இருந்தபோது, வெள்ளைச் சிப்பாய்கள் வந்து ஏரியின் பறவைகளைச் சுட்டனர். ஊரார் அதைப் பொறுக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் வயலில் விளைச்சல் பெருகும் என்பது அவர்களுடைய பட்டறிவு. பறவை போனால் பயிரும் போகும் என்று கலெக்டரிடம் முறையிட்டனர். வாய்மொழி உறுதியோடு அவர்கள் திரும்பிவிடவில்லை. 1798இல் எழுத்துப்பூர்வமான கவுல் பெற்றனர். 1858இல் அவ்வுரிமையை மீண்டும் உறுதிப்படுத்திக்கொண்டனர்.

விளைவைக் கண்ணாரக் கண்டோம். நீரில் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பீரங்கியும் மதிலும் ஆலம்பரையைக் காக்கவில்லை. உழவர்கள் கேட்டுப் பெற்ற ஒரு தாளும், அதை விட்டுக்கொடுக்காத தலைமுறைகளும் ஓர் ஏரியை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து நிற்கின்றன.

நமக்குள் எழுந்த கேள்வி

திரும்பும் வழியில் வாகனத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: “ஆலம்பரை எந்த ஆண்டில் யார் கைக்கு மாறியது என்று சொன்னீர்கள். நம் பள்ளிவாசலின் முதல் சுவரை எழுப்பியவர்கள் யார்? எந்த ஆண்டில்?” எங்களில் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய தீர்மானப் புத்தகங்களில் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. கபரஸ்தானில் யார் எங்கே அடக்கமாகியுள்ளார் என்பதை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இதில் வேறு யாரையும் குறை கூற இயலாது. இது நம் கவனக்குறைவே.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் அதிகாரி செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வீடு எத்தனை, நிலம் எவ்வளவு, விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதை ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதினர். அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. எழுத்தாணி பிடித்த அந்தக் கணக்கர்களால்தான் இச்சீமையின் எளிய மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் அறிகிறோம்.

ஆகவே, ஜமாஅத்தார்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழைய நிக்காஹ் பத்திரிகை, வக்பு தொடர்பான நகல், ரசீது, புகைப்படம் எதுவாயினும் எறிந்துவிடாமல் கொண்டுவந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். எண்பது வயதைக் கடந்த பெரியவர்களிடம் பேரப்பிள்ளைகள் அமர்ந்து, அவர்கள் சொல்வதைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும்.

இவ்விடங்களுக்குச் செல்வோர் காலையிலேயே புறப்படுவது நலம். ஆலம்பரையில் நிழல் குறைவு. குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். மதிலில் ஏறவோ கீறவோ வேண்டாம். சதுரங்கப்பட்டினத்தில் அடங்கியிருப்போர் எம்மதத்தினராயினும் கல்லறைக்குரிய கண்ணியம் காக்கப்பட வேண்டும். வேடந்தாங்கலுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். அங்கே கூச்சலிடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு முன் வாழ்ந்தோரைப் பற்றி அறிய ஆவல் கொண்டு நாம் சென்றோம். நமக்குப் பின் வருவோர் நம்மைத் தேடி வரும்போது வெறும் மணலைக் காணாதிருக்க, இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டே நம் பணியைத் தொடங்குவோம்.