ஸ்டீபன் விட்டிலும் பிரிட்டனின் பாலின அங்கீகாரச் சட்டமும்

ஸ்டீபன் விட்டில் (பிறப்பு: மே 29, 1955) பிரித்தானிய சட்ட அறிஞர், திருநர் உரிமைச் செயற்பாட்டாளர். மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் சமத்துவச் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றியவர். பிறப்பில் பெண் எனப் பதிவு செய்யப்பட்ட விட்டில் 1975 முதல் ஆணாக வாழத் தொடங்கிய திருநம்பி. பிரிட்டனில் 2004-இல் பாலின அங்கீகாரச் சட்டம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். தம் சொந்த வழக்கில் தோற்றவர் அவர். அதே தோல்விகளின் வரிசையே பின்னர் சட்டத்திற்கு வழி திறந்தது.

பின்னணி

1970-இல் இங்கிலாந்தில் கார்பெட் எதிர் கார்பெட் என்ற வழக்கில் தீர்ப்பு வந்தது. ஏப்ரல் ஆஷ்லி என்ற திருநங்கையின் திருமணம் செல்லாது என்று நீதிபதி ஆர்ம்ராட் அறிவித்தார். குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, பிறப்புறுப்பு ஆகிய மூன்றும் பிறப்பின்போது எப்படி இருந்தனவோ அதுவே ஒருவரின் பால், பின்னர் அதை மாற்ற இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

திருமணம் பற்றிய இந்தத் தீர்ப்பு விரைவில் மற்றத் துறைகளுக்கும் பரவியது. கடவுச்சீட்டிலும் ஓட்டுநர் உரிமத்திலும் பெயரை மாற்றிக்கொள்ள முடிந்தது; பிறப்புச் சான்றிதழை மாற்ற முடியவில்லை. அன்று பெண்களுக்கு ஓய்வூதிய வயது 60, ஆண்களுக்கு 65. ஒரு திருநங்கை 60 வயதில் ஓய்வூதியம் பெற இயலாது. அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழைக் காட்ட நேர்ந்தால் அவருடைய கடந்த காலம் வெளிப்பட்டுவிடும். சட்டம் அவர்களைத் தண்டிக்கவில்லை. ஆனால் அன்றாட வாழ்வை எந்த நேரமும் குலையக்கூடியதாக வைத்திருந்தது.

அமைப்புப் பணி

விட்டில் 1989-இல் திருநம்பிகளுக்கான வலையமைப்பு ஒன்றைத் தொடங்கி 2007 வரை ஒருங்கிணைத்தார். 1992-இல் 'பிரஸ் ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்பு உருவாவதில் பங்கேற்றார். தங்கள் பிறப்புப் பதிவை மாற்றக் கோரி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை முதலில் நாடியவர்களுள் ஒருவரான மார்க் ரீஸும் அதன் நிறுவனர்களுள் ஒருவர். இரக்கம் கோராமல் உரிமை கோருவதும், வழக்கு, ஆய்வு, நாடாளுமன்ற உறுப்பினர்களுடன் உரையாடல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நடத்துவதும் இவ்வமைப்பின் வழிமுறை.

தந்தை என்ற இடம்

விட்டிலின் துணைவர் 1992-இல் விந்துக் கொடை மூலம் ஒரு குழந்தையைப் பெற்றார். இவ்வகைச் சிகிச்சையைப் பெண்ணுடன் சேர்ந்து பெறும் ஆணை, மணமாகாதவராயினும், தந்தையாக ஏற்க அன்றைய பிரித்தானிய சட்டம் இடமளித்தது. ஆனால் உயிரியல் முறையில் ஆணாக இருப்பவர் மட்டுமே தந்தை ஆகலாம் என்று தலைமைப் பதிவாளர் மறுத்தார். குழந்தைக்கு விட்டிலின் குடும்பப் பெயர் கிடைத்தது. பதிவேட்டில் தந்தை என்ற இடம் வெறுமையாக இருந்தது.

இது 'எக்ஸ், ஒய், இசட் எதிர் ஐக்கிய இராச்சியம்' என்ற வழக்காக ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தது. ஏப்ரல் 22, 1997 அன்று வந்த தீர்ப்பு இருமுகம் கொண்டது. இம்மூவருக்கும் இடையே இருப்பது குடும்ப வாழ்வே என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஐரோப்பிய நாடுகளிடையே இதில் பொதுக் கருத்து இல்லை என்று கூறி, உரிமை மீறல் நிகழவில்லை என 14-க்கு 6 என்ற கணக்கில் முடிவு செய்தது.

தோல்விகளின் கணக்கு

பிரிட்டனுக்கு எதிரான பிறப்புப் பதிவு வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். ரீஸ் வழக்கில் (1986) 12-க்கு 3, காஸி வழக்கில் (1990) 10-க்கு 8, ஷெஃபீல்டு–ஹார்ஷம் வழக்கில் (1998) 11-க்கு 9 என்ற கணக்கில் திருநர் தரப்பு தோற்றது. சட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய தேவையை நீதிமன்றம் ரீஸ் வழக்கிலேயே சுட்டியிருந்தது. பிரிட்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு தோல்வியும் அரசின் தாமதத்திற்குச் சான்றாகப் பதிவானது.

இதற்கிடையே 1996-இல் பால் மாற்றத்தின் காரணமாகப் பணிநீக்கம் செய்வது பால் அடிப்படையிலான பாகுபாடே என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை 11, 2002 அன்று குட்வின் வழக்கில் மனித உரிமை நீதிமன்றம் ஒருமனதாக பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனிவாழ்வு உரிமையும் திருமண உரிமையும் மீறப்பட்டதாக அது கூறியது.

2004 சட்டமும் அதன் எல்லைகளும்

பாலின அங்கீகாரச் சட்டம் ஜூலை 1, 2004 அன்று ஒப்புதல் பெற்று, ஏப்ரல் 4, 2005 அன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவ அறிக்கையுடன், இரண்டு ஆண்டுகள் தாம் ஏற்ற பாலினத்தில் வாழ்ந்ததற்கான சான்றைக் காட்டினால் அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அறுவை சிகிச்சை கட்டாயம் இல்லை. பல ஐரோப்பிய நாடுகள் கருவளத்தை நீக்கும் சிகிச்சையை நிபந்தனையாக வைத்திருந்த காலத்தில் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஏற்கெனவே மணமானவர்கள் முழுச் சான்றிதழ் பெற மணவாழ்வைச் சட்டப்படி முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏப்ரல் 16, 2025 அன்று, சமத்துவச் சட்டத்தில் 'பால்' என்பது உயிரியல் பாலையே குறிக்கும், அங்கீகாரச் சான்றிதழ் அதை மாற்றாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் 2004-இல் கிடைத்த சான்றிதழின் பயன் சுருங்கியது.

இந்தியாவில் எதிரொலி

பாலின அடையாளம் குறித்த மனித உரிமைக் கோட்பாடுகளைத் தொகுத்த யோக்யகர்த்தா கொள்கைகளில் (2007) கையொப்பமிட்ட வல்லுநர்களுள் விட்டிலும் ஒருவர். இந்திய உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் ஏப்ரல் 15, 2014 அன்று வழங்கிய தீர்ப்பு இக்கொள்கைகளை மேற்கோள் காட்டியது. கார்பெட் தீர்ப்பின் உயிரியல் அளவுகோலை ஏற்க மறுத்து, தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. நால்சா தீர்ப்பைப் பின்பற்றி, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் கூறியது. லண்டன் நீதிமன்றத்தில் 1970-இல் ஏப்ரல் ஆஷ்லிக்கு மறுக்கப்பட்டதும் திருமணம்தான்.

மதிப்பீடு

விட்டில் 2005-இல் ஓ.பி.இ. விருது பெற்றார். அதே ஆண்டு தம் துணைவரைச் சட்டப்படி மணந்தார். சூசன் ஸ்ட்ரைக்கருடன் அவர் தொகுத்து 2006-இல் வெளிவந்த 'தி டிரான்ஸ்ஜெண்டர் ஸ்டடீஸ் ரீடர்' திருநர் ஆய்வுத் துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. சட்டத்தால் பாதிக்கப்பட்டவர் அச்சட்டத்தை ஆராய்பவராகவும் ஆனதே அவரது பணியின் தனித்தன்மை. பதிவேட்டில் ஒரு வெற்றிடம் ஒரு குடும்பத்திற்கு என்ன பொருள் தரும் என்பதை அவர் நீதிமன்றத்தின் மொழியில் எடுத்துரைத்தார்.