'நான்' போனாலும் 'நாம்' போவதில்லை

யப்பானில் டிசம்பர் 31ஆம் திகதி நள்ளிரவை அண்மிக்கையில் பௌத்த விகாரைகளின் பெருமணிகள் ஒலிக்கத் தொடங்கும். மொத்தம் 108 தடவைகள். மனிதனைப் பிணித்திருக்கும் ஆசை, சினம், மயக்கம் முதலிய மனமாசுகளின் எண்ணிக்கை அது. மரபின்படி 107 ஒலிகள் பழைய ஆண்டுக்குரியவை. இறுதி ஒலி புத்தாண்டுக்குரியது. கியோத்தோவின் சியோன்-இன் விகாரையில் 1636இல் வார்க்கப்பட்ட மணி ஏறத்தாழ 70 தொன் எடையுடையது. அதனை ஒலிக்கச் செய்ய 17 துறவிகள் தேவை.

தன் பலத்தையும் பலவீனத்தையும் நிறுத்துப் பார்க்கும் இரவு இது. ஆயினும் பௌத்தம் ஒரு படி மேலே செல்கிறது. இசிபதனத்தில் ஐந்து சீடர்களுக்குப் போதித்தபோது, உடல், நுகர்ச்சி, புலனறிவு, மன உந்தல்கள், பிரக்ஞை ஆகிய ஐந்தில் எதுவுமே 'நான்' அன்று என்றார் புத்தர். இதுவே அனாத்மக் கோட்பாடு. பலமும் பலவீனமும் காரணங்களால் தோன்றி மாறுபவை எனில், முன்னதில் செருக்குக் கொள்ளவோ பின்னதில் மனமுடையவோ இடமில்லை.

இத்துணை நுட்பமான போதனைக்கு நேர்ந்த கதியை வரலாறு பதிந்து வைத்துள்ளது. 1930களில் யப்பானிய இராணுவவாதம் ஓங்கியபோது 'முகா' எனப்படும் அனாத்மம் புதுப்பொருள் பெற்றது. 'நான்' இல்லையெனில் பேரரசருக்காக உயிரைத் துறப்பதில் தயக்கமேன் என்று போர்வீரர்களுக்குப் போதிக்கப்பட்டது. பௌத்த பீடங்களில் மிகப் பெரும்பாலானவை போரை ஆதரித்தன. 1941இல் உலோகச் சேகரிப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான விகாரை மணிகள் போர்த்தேவைக்கென எடுத்துச் செல்லப்பட்டன. மனமாசை நினைவூட்டிய வெண்கலம் உருக்கு உலைக்குப் போயிற்று.

எதிர்த்தோர் மிகச் சிலரே. ஷின்ஷூ ஒத்தானி பிரிவைச் சேர்ந்த முதிய துறவி தக்கெனக்கா ஷோகென், போர் ஒரு குற்றம் என 1937இல் வெளிப்படையாகக் கூறினார். அரசு அவரைத் தண்டித்தது. அவரது பீடமும் தண்டித்தது. 1945இல் அவர் மறைந்தார். அப்பீடம் அவரது மதிப்பை மீளளித்தது 2007இல்தான். சோத்தோ ஸென் பீடம் தனது போர்க்காலப் பங்குக்காக 1992இல் பகிரங்கமாக வருந்தியது.

இங்கு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். தனிமனிதனிடம் 'நானை' விடும்படி கேட்ட பீடங்கள், தமது 'நாம்' என்பதைச் சற்றும் தளர்த்தவில்லை. நாடு, இனம், பீடம் என்ற பெரிய 'நானை' எவரும் ஆராயத் துணியவில்லை. புத்தரின் கேள்வியோ அதற்கும் பொருந்தும். அவையும் காரணங்களால் தோன்றி மாறுபவையே. தன்னுள் நோக்கி ஒருவன் தானே கேட்கும்போது அது ஞானம். அதிகாரம் பிறனிடம் கட்டளையாகச் சொல்லும்போது அது அடிமைத்தனம்.

புத்தாண்டில் தம் குறைகளைக் கணக்கிட அமர்வோர், தாம் சார்ந்த கூட்டத்தின் குறைகளையும் அதே ஏட்டில் எழுதுவாராக.