வார்ப்புப் பெட்டி

மணல் வார்ப்பில் மணலைச் சுற்றி நின்று அது சரியாமல் தாங்கும், மேலும் கீழும் திறந்த சட்டகமே வார்ப்புப் பெட்டி. வார்ப்பாலைகளில் இதை மோல்டிங் பாக்ஸ் என்பர். உருகிய உலோகம் மணலைத்தான் தொடும், பெட்டியைத் தொடாது. ஆயினும் வார்ப்பச்சின் இரு பாதிகளும் இம்மி பிசகாமல் பொருந்துவது பெட்டியைப் பொறுத்தே அமைகிறது.

அமைப்பு

கீழ்ப்பெட்டி டிராக் எனவும் மேற்பெட்டி கோப் எனவும் வழங்கும். விளிம்பில் பள்ளம் கொண்ட கப்பி போன்ற பொருள்களில், அச்சின் பாதிகள் சேரும் பிரிதளம் ஒன்றே இருந்தால், பேட்டர்னை, அதாவது பொருளின் மாதிரியுருவை, மணலிலிருந்து உருவ முடியாமல் போகலாம். அப்போது இரண்டுக்கும் இடையே சீக் எனும் நடுப்பெட்டி சேரும்.

பெட்டிகளை நேர்ப்படுத்துபவை பின் எனும் முளையும் அது நுழையும் துளையுள்ள புஷ்ஷும். ஒரு பக்கத் துளை வட்டமாகவும் மறுபக்கத் துளை நீள்வட்டமாகவும் இருக்கும். வெப்பத்தால் பெட்டி விரிந்தாலும் பின் இறுகிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் மேற்பாதி நகர்ந்து, வார்ப்பில் படிபோன்ற பெயர்வு விழும். பெரிய மேற்பெட்டிகளில் மணல் உதிராமல் தாங்கக் குறுக்குச் சட்டங்களும், கிரேனில் தூக்கிப் புரட்டப் பக்க முளைகளும் உண்டு.

அச்செடுக்கும் முறை

பலகைமேல் பேட்டர்னின் பாதியை வைத்து, கீழ்ப்பெட்டியைக் கவிழ்த்து, மணலை இட்டு இடிப்பர். அடுத்து அதைப் புரட்டி, மறுபாதியைப் பொருத்தி, இரு பாதி மணலும் ஒட்டாதிருக்கப் பிரிமணல் தூவி, மேற்பெட்டியை ஏற்றி நிரப்புவர். உலோகம் ஊற்றும் வழியும், உலோகம் இறுகிச் சுருங்கும்போது ஈடுசெய்யும் ரைசரும் இதில் அமையும். பிறகு மேற்பெட்டியைத் தூக்கி, பேட்டர்னை உருவி, வேண்டுமானால் வார்ப்பினுள் வெற்றிடம் உண்டாக்கும் கோர் வைத்து மூடுவர்.

மேல்நோக்கிய அழுத்தம்

ஊற்றிய உலோகம் மேற்பெட்டியை மேலே தள்ளும். அச்சுக்குழியின் தட்டையான மேற்பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர், அதற்கு மேல் ஊற்றுவழியில் உலோகம் நிற்கும் உயரம் 15 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். உருகிய இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிராம் என்பதால், தள்ளுவிசை ஏறத்தாழ 105 கிலோ எடைக்குச் சமம். மேற்பெட்டியும் அதன் மணலும் அதைவிட இலேசாக இருந்தால் பெட்டி எழும்பி, பிரிதளத்தின் வழியே உலோகம் பீறிடும். எனவே ஊற்றுமுன் கிளாம்ப் இடுவர் அல்லது எடைக்கல் ஏற்றுவர்.

வகைகள்

மரப்பெட்டி மலிவு, ஆனால் கருகித் தேயும். கையால் தூக்கும் சிறு பெட்டிகளுக்கு அலுமினியமும், தொடர் உற்பத்திக்கு வார்ப்பிரும்பும் எஃகும் ஏற்றவை. ஸ்னாப் பெட்டியின் ஒரு மூலையில் கீலும் எதிர்மூலையில் கொக்கியும் இருக்கும். அச்சு முடிந்ததும் அதைத் திறந்து எடுத்து அடுத்த அச்சுக்குப் பயன்படுத்தலாம். ஊற்றும்போது மணற்கட்டியைச் சுற்றி ஒரு ஜாக்கெட் மாட்டப்படும்.

டென்மார்க்கின் வாக்ன் ஓகே யெப்பசன் 1957இல் காப்புரிமை கோரிய முறையில் பெட்டியே இல்லை. இயந்திரம் அழுத்தித் தரும் மணற்கட்டிகள் செங்குத்தான பிரிதளங்களில் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நகரும். டிசாமேட்டிக் இயந்திரங்கள் இவ்வழியில் வந்தவை. மிகப் பெரிய வார்ப்புகளுக்கோ தரையில் தோண்டிய குழியே கீழ்ப்பெட்டியாகும். மேற்பெட்டி மட்டும் அதன்மேல் பொருத்தப்படும்.